ஓர் உப்பின் வழக்கு



கடையில் வாங்கி வந்த ஊறுகாய்ப் புட்டியையோ பழரசப் புட்டியையோ கையில் எடுத்து, அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டைச் சற்றுப் படித்துப் பாருங்கள். பொருளின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வண்ணப் படமும் இருக்கும். ஓரத்திலோ, மூக்குக் கண்ணாடி அணிந்தாலும் எளிதில் தென்படாத பொடி எழுத்தில், ‘அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகைக் காப்புப் பொருள் சேர்ந்தது’ என்னும் பொருள்பட ஒரு வரி பல புட்டிகளில் காணப்படும். அதனருகே 211 என்ற எண்ணும் இருக்குமாயின், அப்புட்டியில் சேர்ந்திருப்பது சோடியம் பென்சோவேட் என்னும் உப்பு என்று அறிந்துகொள்ளலாம்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக மாணவர்கள் அட்டைகள் எழுதினார்கள். ‘இரசாயனம் சேர்ந்த உணவு நஞ்சு’ என்று ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நானும் அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டேன். கடைசி வரிசையில் நின்ற ஒரு மாணவன் தயங்கித் தயங்கி, “ஐயா, நாம் சோற்றில் போடும் உப்பும் இரசாயனந்தானே?” என்று கேட்டான். அப்பொழுது அவனுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்த வினாவின் பின்னே ஒரு பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

உணவு கெடாமல் காப்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட கலை. மீனை உப்பிட்டு உலர்த்தினான். இறைச்சியைப் புகையில் இட்டான். பழத்தைத் தேனிலும் சர்க்கரைப் பாகிலும் ஊறவைத்தான். காயை எண்ணெயிலும் காடியிலும் போட்டு வைத்தான். உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. எனினும், அவை வாழ இயலாத சூழ்நிலையைத் தன் பட்டறிவால் அமைத்துக்கொண்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணுயிர்களின் இயல்பு தெளிவானதும், அவற்றைச் சிறிதளவு மருந்தாலேயே அடக்க இயலுமா என்ற ஆராய்ச்சி எழுந்தது. அவ்வாறு வந்த பொருள்களில் ஒன்றே நாம் பேச எடுத்துக்கொண்ட உப்பு.

இந்த உப்பின் பூர்வீகம் நமக்கு அந்நியமானதன்று. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் தணலில் தூவுகிறோமே சாம்பிராணி, அதுவே இதன் தாய். சுமத்ரா முதலிய தீவுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பிசினே சாம்பிராணி. அராபிய வணிகர் அதனை ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் நறும்புகைப் பிசின், என்று அழைத்தனர். அப்பெயர் மேலை நாட்டார் நாவில் தலையிழந்து, உருமாறி, ‘பென்சாயின்’ ஆயிற்று. அதைச் சூடேற்றினால் வெண்ணிறப் படிகங்களாக எழும் அமிலத்திற்குப் பென்சாயிக் அமிலம் என்று பெயர் வந்தது. ஸ்வீடன் தேசத்து அறிஞர் ஷீலே 1775-ஆம் ஆண்டில் சுண்ணாம்பின் துணைகொண்டு அதைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். ஜெர்மானியராகிய லீபிக், வோலர் என்னும் இருவரும் 1832-ஆம் ஆண்டில் அதன் அணுச்சேர்க்கையை ஆராய்ந்து வெளியிட்டனர். பூஞ்சைகளை வளரவொட்டாமல் தடுக்கும் ஆற்றல் அவ்வமிலத்திற்கு உண்டு என்பது 1875-ஆம் ஆண்டில் அதே நாட்டில் கண்டறியப்பட்டது.

அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. அதன் சோடியம் உப்போ நன்றாகக் கரையும். அவ்வுப்பைப் புளிப்புள்ள உணவில் இட்டால், அங்குள்ள புளிப்பு அதனை மீண்டும் பென்சாயிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அவ்வமிலம் பூஞ்சை, ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களின் உடற்சுவரைக் கடந்து உட்புகுந்து, அவற்றின் உயிர்த்தொழிலைத் தடைசெய்கிறது. ஆகையால் ஊறுகாய், பழரசம், தக்காளிக் குழம்பு போன்ற புளிப்புப் பண்டங்களில் அது நன்கு வேலை செய்யும். பாலிலும் சோற்றிலும் அவ்வளவு பயன்படாது. ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே போதும். நிறம் மாறாது; சுவையும் பெரிதும் மாறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாம்பிராணியை நாடாமல், கரித்தாரிலிருந்து கிடைக்கும் டொலுவீன் என்னும் பொருளைக் கொண்டே அதனை மலிவாகச் செய்யவும் வழி பிறந்தது. மலிவும் ஆற்றலும் ஒன்று சேர்ந்தால் வணிகர் விடுவார்களா?

இனி, நாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லவேண்டும். இவ்வுப்பின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டதும், வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்ததும் அங்கேதான்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டிற்குப் பின் அந்நாட்டில் நகரங்கள் விரைந்து பெருகின. தன் தோட்டத்துத் தக்காளியைத் தானே சமைத்து உண்ட குடியானவனின் மகன், நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய், யாரோ எங்கோ செய்து அடைத்த உணவை வாங்கி உண்ணலானான். உண்பவனும் உணவைச் செய்பவனும் ஒருவரை ஒருவர் காணாத காலம் அது. நாடு முழுவதற்கும் பொருந்தும் உணவுச் சட்டம் எதுவும் அன்று இல்லை. பாலில் ஃபார்மால்டிஹைடு கலந்தனர். இறைச்சியில் வெண்காரம் என்னும் போராக்ஸைத் தூவினர். எதைச் சேர்த்தோம் என்று சீட்டில் எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை.

கெட்சப் என்னும் தக்காளிக் குழம்பு அந்நாட்டார் விரும்பி உண்ணும் தொடுகறி. தக்காளியைப் பெட்டிகளில் அடைக்கும் ஆலைகளில் கழித்து ஒதுக்கிய தோலும், காயும், நைந்த பழமும் பல இடங்களில் கெட்சப்பாக உருமாறின. அத்தகைய சரக்கு விரைவில் புளித்துப் பொங்கிவிடும். அதைப் பொங்காமல் நிறுத்தி வைத்தது சோடியம் பென்சோவேட். இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நல்ல சரக்கைக் காப்பதற்கும் இவ்வுப்புப் பயன்படும். கெட்ட சரக்கை மறைப்பதற்கும் பயன்படும். வழக்கின் முடிச்சு இதுவே.

வழக்கைத் தொடுத்தவர் ஹார்வி வாஷிங்டன் வைலி என்னும் இரசாயன அறிஞர். இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தவர். மருத்துவப் பட்டமும் பெற்றவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர் 1880-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரில் விவசாய இலாகாவின் தலைமை இரசாயன அதிகாரியானார். உணவுக் கலப்படத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அறிக்கைகள் வெளியிட்டார். அறிக்கைகள் அலமாரியில் அடுக்கப்பட்டன, சட்டம் வரவில்லை. ‘இப்பொருள்கள் உடலுக்குத் தீங்கு செய்வன என்பதற்குச் சான்று எங்கே?’ என்று கேட்டனர் வணிகர். அக்கேள்வி நியாயமானதுதான். வைலியும் அதை நியாயமானதென்றே கொண்டார்.

ஆகவே 1902-ஆம் ஆண்டில், சட்டமன்றம் ஒதுக்கிய 5,000 டாலரைக் கொண்டு, தம் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சமையலறையும் உணவுக்கூடமும் அமைத்தார். இலாகாவில் வேலை பார்த்த இளங் குமாஸ்தாக்களிலிருந்து, தாமாக முன்வந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு மூன்று வேளையும் நல்ல உணவு இலவசம். ஆனால் அந்த மேசையைத் தவிர வேறெங்கும் எதுவும் உண்ணலாகாது. உணவோடு காப்புப் பொருள்களில் ஒன்று ஒவ்வொரு கட்டத்திலும் சேர்க்கப்படும். உணவுக்கு முன் எடை, உடல்வெப்பம், நாடித்துடிப்பு ஆகியவை குறிக்கப்படும். உடலிலிருந்து வெளிப்படும் கழிவு முழுவதும் சேகரித்துப் பரிசோதிக்கப்படும்.

முதலில் சோதித்தது வெண்காரம். அதை வெண்ணெயில் மறைத்து வைத்தனர். சில நாள்களில் இளைஞர் அதை ஊகித்து, வெண்ணெயைத் தொடாமல் ஒதுக்கினர்! வேறு உணவில் மறைத்தாலும் அவ்வாறே கண்டுபிடித்தனர். கடைசியில் மறைப்பானேன் என்று, மருந்துக் கூடுகளில் அடைத்து வெளிப்படையாகவே விழுங்கக் கொடுக்கலாயினர். செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியது. ‘நஞ்சுண்ணும் படை’ என்று நிருபர்கள் இவர்களுக்குப் பெயர் சூட்டினர். நாடெங்கும் இவர்களைப் பற்றியே பேச்சு. வெண்காரத்திற்குப் பின் சாலிசிலிக் அமிலம், கந்தக உப்புகள், ஃபார்மால்டிஹைடு, நம்முடைய பென்சோவேட் ஆகியவை ஒவ்வொன்றாக அம்மேசைக்கு வந்தன.

ஊர் பேர் அறியப்படாத அந்தக் குமாஸ்தாக்களை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். அவர்கள் போர்க்களம் சென்றவர்கள் அல்லர். ஆயினும் பிறருடைய உணவுத் தட்டு தூயதாக வேண்டுமென்று தம் உடலையே சோதனைக் களமாகக் கொடுத்தனர். அவர்களுடைய தொண்டு வீண்போகவில்லை. மக்களிடையே எழுந்த விழிப்பும், பெண்கள் சங்கங்களின் கிளர்ச்சியும், இறைச்சிக் கூடங்களின் அவலத்தை எடுத்துரைத்த அப்டன் சின்க்ளேரின் நாவலும் ஒன்று சேர்ந்தன. 1906-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு மருந்துச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதைச் செயற்படுத்தும் பொறுப்பில் பெரும்பகுதி வைலியின் அலுவலகத்திற்கு வந்தது.

சட்டம் வந்தவுடன் சண்டை ஓயவில்லை. உண்மையில் அப்பொழுதுதான் மூண்டது. உணவில் ‘கேடு விளைக்கும் பொருள்’ சேர்க்கலாகாது என்றது சட்டம். பென்சோவேட் கேடு விளைக்கும் பொருளா, அன்றா? அதைச் சட்டம் சொல்லவில்லை.

சோதனையில் தம் இளைஞர்களுக்குக் குமட்டலும், செரிமானக் கோளாறும், எடைக் குறைவும் ஏற்பட்டன என்று காட்டி, பென்சோவேட் கேடானதே என்றார் வைலி. அது இன்றிக் கெட்சப் செய்யவே முடியாது என்றனர் பல ஆலை முதலாளிகள். ஆனால் அவர்களுள் ஒருவர் மாறி நின்றார். அவர் பிட்ஸ்பர்க் நகரத்து ஹென்றி ஹைன்ஸ். வைலி பிறந்த அதே 1844-ஆம் ஆண்டு, அதே அக்டோபர் மாதத்தில் பிறந்தவர். நன்கு பழுத்த தக்காளியை எடுத்து, காடியையும் சர்க்கரையையும் கூட்டி, தூய்மையாகக் காய்ச்சினால் காப்புப் பொருளே வேண்டாம் என்று அவருடைய ஆலை செய்து காட்டியது. அப்பண்டத்தின் விலை சற்றுக் கூடுதல்தான். ‘எங்கள் கெட்சப்பில் பென்சோவேட் இல்லை’ என்று அவர் செய்த விளம்பரம் அறமும் வாணிபமும் கலந்த ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வணிகர் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அரசின் சார்பில் ஆர்வில் பிட்டிங், காதரின் பிட்டிங் என்னும் தம்பதியர் இதனைத் தனியே ஆராய்ந்தனர். காதரின் அம்மையார் நுண்ணோக்கி ஆய்வில் வல்லவர். கெட்சப் ஏன் கெடுகிறது, எப்பொழுது கெடாது என்று பலவகையாகச் செய்து பார்த்து, 1909-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நல்ல பழம், தூய ஆலை, போதிய காடி, போதிய சர்க்கரை ஆகிய இவை இருந்தால் பென்சோவேட் வேண்டுவதில்லை என்பதே அம்முடிவு.

இதற்கிடையே 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் ஒரு காட்சி நிகழ்ந்தது. பிற்காலத்தில் வைலியே அதை எழுதி வைத்துள்ளார். ஆலை முதலாளிகள் ரூஸ்வெல்ட்டைக் கண்டு முறையிட்டனர். ரூஸ்வெல்ட் வைலியின் பக்கம் திரும்பி, “பென்சோவேட் தீங்கானதா?” என்று கேட்டார். “ஆம், அதைச் சோதித்துப் பார்த்தே சொல்லுகிறேன்” என்றார் வைலி. அப்படியானால் அதை உணவில் சேர்க்கலாகாது என்று தலைவர் முதலாளிகளுக்குச் சொல்லிவிட்டார். வழக்கு அங்கேயே வென்றிருக்கும். ஆனால் வந்தவர்களில் ஒருவர் பேச்சைச் சாக்கரினுக்குத் திருப்பினார். தம்மைக் கேட்குமுன்னரே வைலி குறுக்கிட்டு, சாக்கரினும் உடலுக்குக் கேடு என்று உரைத்தார். ரூஸ்வெல்ட்டின் முகம் மாறியது. தம் மருத்துவர் தமக்கு நாள்தோறும் சாக்கரின் கொடுக்கிறார் என்றும், அதைக் கேடு என்பவன் மூடன் என்றும் அவர் சினந்தார்.

வாயைத் திறக்கவேண்டிய நேரமும், மூடிக்கொள்ளவேண்டிய நேரமும் உண்டு. வைலி சாக்கரினைச் சோதித்துப் பார்த்துப் பேசினார் அல்லர்; தம் கருத்தையே சோதனையின் முடிவு போலச் சொல்லிவிட்டார். அதன் விளைவு பெரிதாயிற்று. வைலியின் முடிவுகளை மறுபடியும் ஆராயப் புகழ்பெற்ற அறிஞர் குழு ஒன்றை ரூஸ்வெல்ட் அமைக்கச் செய்தார். அதன் தலைவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராகிய ஐரா ரெம்சென். 1879-ஆம் ஆண்டில் சாக்கரின் பிறந்ததே அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் என்பதை வைலியின் நண்பர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

ரெம்சென் குழுவினரும் இளைஞர்களைக் கொண்டு சோதனை செய்தனர். யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டண்டன் போன்ற உடலியல் வல்லுநர் அதில் இருந்தனர். 1909-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் குழுவின் தீர்ப்பு வெளிவந்தது. நாளொன்றுக்கு அரை கிராமுக்கு உட்பட்ட பென்சோவேட்டை உணவோடு உண்டால் உடலுக்குக் கேடில்லை. நான்கு கிராம் வரை உயர்த்தியும் பொது உடல்நலத்தைக் கெடுக்கும் விளைவைக் காணவில்லை என்றனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அரசு பென்சோவேட்டை அனுமதித்தது. ஆனால், சேர்த்த அளவைச் சீட்டில் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டது.

மாணவர்களே, ஒரே உப்பை இரு குழுவினர் சோதித்து, ஒருவர் கேடு என்றும் மற்றவர் கேடில்லை என்றும் சொன்னது எவ்வாறு? ஒரு சாரார் பொய்யர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது எளிய வழி. ஆனால் வரலாறு படிப்போர்க்கு ஏற்ற வழியன்று.

வைலியின் சோதனையில் சில குறைகள் இருந்தன. காப்புப் பொருள் உண்ணாமல் அதே மேசையில் அமர்ந்து, அதே உணவை உண்ணும் மற்றொரு கூட்டத்தாரை அவர் ஒப்புநோக்குவதற்காக வைக்கவில்லை. தாம் நஞ்சு உண்கிறோம் என்று பத்திரிகையில் நாள்தோறும் படிக்கும் இளைஞனுக்கு வயிறு குமட்டினால், அது உப்பின் வேலையா, உள்ளத்தின் வேலையா என்று பிரித்தறிதல் அரிது. மேலும் அளவு என்ற ஒன்று உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆயிரத்தில் ஒரு பங்கு பென்சோவேட் சேர்ந்த கெட்சப்பில் அரை கிராம் உப்பைப் பெறுவதற்கு ஒருவன் அரைக் கிலோ கெட்சப்பை ஒரே நாளில் உண்ணவேண்டும்!

உடலும் சும்மா இருப்பதில்லை. நாம் உண்ட பென்சோவேட்டைக் கல்லீரல் பற்றி, கிளைசின் என்னும் மற்றொரு பொருளோடு இணைத்து, ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரின் வழியே வெளியேற்றிவிடுகிறது. இது 1840-களின் தொடக்கத்திலேயே மனிதரிடம் சோதித்து அறிந்த செய்தி. கிரான்பெர்ரி முதலிய சில பழங்களில் பென்சாயிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது என்பதையும் எதிர்வாதிகள் எடுத்துக்காட்டினர். இந்த அளவில் பார்த்தால், உப்பைப் பற்றிய வினாவில் ரெம்சென் குழுவே உண்மைக்கு அருகில் நின்றது எனலாம்.

ஆனால் வைலி கேட்ட வினா அதுமட்டுமன்று. ஒரு வேளையில் ஒருவன் உண்பது சிறிதே எனினும், காப்புப் பொருள் சேர்ந்த பல பண்டங்களை நாள்தோறும் உண்பவன் கதி என்ன? குழந்தையும் முதியவரும் நோயாளியும் வாலிபனைப் போலத் தாங்குவார்களா? எல்லாவற்றிற்கும் மேலாக, அழுகலை மறைக்கத் துணைநிற்கும் பொருளை அரசு அனுமதிக்கலாமா? இளைஞர்களின் எடையை அளந்து இக்கேள்விகளுக்கு விடை காண முடியாது. பிட்டிங் தம்பதியர் தக்காளி ஆலையில் நின்று கண்ட விடையே இதற்குரியது. உப்பு நஞ்சன்று என்பதால், அதன் துணையோடு விற்கப்படும் சரக்கு நல்லது என்று ஆகிவிடாதல்லவா?

தோல்வியும் உட்பகையும் சூழ, வைலி 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதவியைத் துறந்தார். பிறகு ஒரு குடும்பப் பத்திரிகையின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் எழுதினார். 1930-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் காலமானார். தூய உணவுச் சட்டம் கையொப்பமான அதே நாள். அன்றைக்குச் சரியாக 24 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

அவர் மறைந்தபின் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. கெட்சப் என்றால் இன்னின்ன பொருள்களே இருக்கலாம் என்று அமெரிக்க அரசு பிற்காலத்தில் ஓர் இலக்கணம் வகுத்தது. அதில் பென்சோவேட்டுக்கு இடமில்லை. பென்சோவேட் சேர்த்து, அதைச் சீட்டிலும் ஒளிக்காமல் எழுதி விற்ற ஒரு நிறுவனத்தின் கெட்சப்பை அரசு பறிமுதல் செய்ய முற்பட்டது. வழக்கு மேல்முறையீட்டு மன்றம் சென்றது. 1945-ஆம் ஆண்டில் மன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. பொருள் தீங்கானது என்பதனால் அன்று. கெட்சப் என்று சொல்லி வாங்கும் மக்கள் எதிர்பார்ப்பது அதுவன்று என்பதனால். உப்பின் வழக்கில் தோற்ற வைலி, தக்காளியின் வழக்கில் வென்றார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதன்பின் நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்த சட்டத்திருத்தம், உணவில் புதிதாகச் சேர்க்கும் பொருள் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் கடமையைச் செய்பவன் தலையிலேயே சுமத்தியது. முன்னர், தீங்கு என்று மெய்ப்பிக்கும் சுமை வைலியைப் போன்றோர் தலையில் இருந்தது. சுமை தலைமாறியது பெரிய மாற்றமாகும். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை நாள்தோறும் உண்ணலாம் என்று நெடுங்காலம் வரையறுத்திருந்தது. 2021-ஆம் ஆண்டில் புதிய சான்றுகளை ஆராய்ந்து, அதை 20 மில்லிகிராமாக உயர்த்தியது.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. பென்சோவேட்டும் வைட்டமின் ‘சி’-யும் ஒரே பானத்தில் கூடினால், வெப்பமும் ஒளியும் படும்போது மிகச் சிறிதளவு பென்சீன் உண்டாகக்கூடும் என்பது 1990-ஆம் ஆண்டில் தெரியவந்தது. பென்சீன் புற்றுநோய் விளைக்கும் பொருள். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் சில பானங்களில் அது மீண்டும் காணப்பட்டதால், அவற்றின் செய்முறை மாற்றப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் நகர ஆய்வாளர், சில செயற்கைச் சாயங்களும் பென்சோவேட்டும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்கு அளித்துச் சோதித்தபோது, சிலரிடம் அமைதியின்மை கூடுவதைக் கண்டனர். அது சாயத்தாலா, உப்பாலா என்பது அச்சோதனையில் பிரித்தறியப்படவில்லை. 1909-ஆம் ஆண்டின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று ரெம்சென் குழுவினரும் மார்தட்ட இயலாது.

இன்னும் ஒரு செய்தி. சில குழந்தைகள் பிறக்கும்போதே, உடலில் சேரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் திறன் குன்றிப் பிறக்கின்றன. அம்மோனியா குருதியில் பெருகி மூளையைத் தாக்கும். உயிருக்கே இறுதி நேரும். இக்குழந்தைகளுக்குச் சோடியம் பென்சோவேட்டை மருந்தாகக் கொடுத்துப் பல உயிர்களை மருத்துவர் காத்துள்ளனர். கல்லீரல் அதை கிளைசினோடு இணைத்து வெளியேற்றுகிறது என்று சொன்னேன் அல்லவா? அவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு கிளைசினும் நைட்ரஜனில் ஒரு பங்கைத் தன்னோடு சுமந்து செல்கிறது. அம்மோனியாவாகத் தேங்கவேண்டிய நைட்ரஜன் இவ்வாறு வேறு வழியில் வடிகிறது. இம்முறையை வகுத்ததில் முன்னின்ற சால் புருசிலோ, ரெம்சென் தலைமை வகித்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றியவர். ‘நஞ்சுண்ணும் படை’யின் மேசையில் குற்றவாளியாக நின்ற உப்பு, நூற்றாண்டு ஒன்று கழிவதற்குள் குழந்தையின் கட்டிலருகே மருந்தாக நின்றது.

நம் நாட்டிலும் இவ்வழக்கின் பயன் வந்து சேர்ந்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் காப்புப் பொருள்களை இரண்டாக வகுத்தன. உப்பு, சர்க்கரை, காடி, எண்ணெய், தேன் முதலிய நம் முன்னோர் அறிந்தவை முதல் வகை. அவற்றுக்குக் கட்டுப்பாடு குறைவு. பென்சோவேட் போன்றவை இரண்டாம் வகை; இன்ன பண்டத்தில் இவ்வளவுதான் என்ற வரம்பு அவற்றுக்கு உண்டு; சீட்டிலும் அறிவித்தாக வேண்டும். அச்சட்டத்தின் இடத்தில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்த ஆண்டு 2006. அமெரிக்கச் சட்டம் பிறந்து சரியாக நூறாண்டு. இவ்வகைப் பிரிவு இன்னும் தொடர்கிறது. புட்டியின் ஓரத்தில் உள்ள ‘இரண்டாம் வகை’ என்ற சொற்களின் பொருள் இதுவே.

ஆகவே, அன்று கடைசி வரிசையில் நின்று வினவிய மாணவனுக்கு இன்று விடை சொல்வதானால் இவ்வாறு சொல்வேன்: ‘தம்பி, நீ கேட்டது சரி. சோற்றுப்பானையில் இடும் உப்பும் இரசாயனமே. இரசாயனம் என்பதனால் ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. சாம்பிராணியில் பிறந்தது என்பதனால் நன்மையாகியும் விடாது. எவ்வளவு சேர்த்தார்கள், எதில் சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள், நம்மிடம் சொல்லிச் சேர்த்தார்களா என்ற நான்கையும் கேள். முதலிரண்டுக்கும் ஆய்வுக்கூடம் விடை தரும். மூன்றாவதற்கு ஆலைக்குள் சென்று பார்க்கவேண்டும். நான்காவதற்குச் சட்டம் வேண்டும்.’

அந்த அட்டைக்கு ஒப்புதல் அளித்த தவற்றையும் அவனிடம் ஒப்புக்கொள்வேன். நல்ல நோக்கத்திற்காக என்றாலும், சான்றில்லாத சொல்லைச் சொன்னால் அந்நோக்கமே இடறிவிழும் என்பதை வைலியின் வாழ்வு காட்டுகிறது. சான்று சரியாக இருந்தாலும், வினாவைச் சுருக்கிக்கொண்டால் உண்மையில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும் என்பதை ரெம்சென் குழுவின் வரலாறு காட்டுகிறது. இருவரும் சேர்ந்தே நமக்கு ஆசிரியர்கள்.

அடுத்தமுறை ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போது, மூடியைத் திறக்குமுன் அந்தச் சிறு வரியைப் படியுங்கள். பன்னிரண்டு இளைஞர் ஒரு நிலவறையில் அமர்ந்து உண்ட உணவுக்கும் அந்த வரிக்கும் தொடர்புண்டு. அதைப் படிக்காமல் விடுவது அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகாது.